பல் போன இடத்தில் சொல்

(தலைப்பு: நோயாளி தேறி எழுவது பெரிதும் மருந்தினாலா? மருத்துவர் சொல்லினாலா? – ‘சொல்லினாலே’ என்னும் அணியில் மூன்றாவதாகப் பேசியது)



எனக்கு முன்னாடி பேசிட்டு உட்கார்ந்த எதிரணி அம்மா ஒரு சவால் விட்டாங்க. “சொல்லுதான் நோயைத் தீர்க்கும்னா, ஊசி இல்லாம, வெறும் சொல்லை வச்சு ஒரு பல்லைப் பிடுங்கிக் காட்டுங்க பாப்போம்”னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு நான் இருதயத்துக்கும் போகல, கிட்னிக்கும் போகல. பல்லோடயே நின்னுக்கறேன்.

ஊசி போட்டுத்தான் பல்லை எடுக்கணும். அதில் எனக்கு வழக்கே இல்லை. 1846ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், ஈதரை முகர வைத்தால் வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று ஊரறியக் காட்டியவர் மார்ட்டன் என்ற பல் மருத்துவர்தான். உலகத்து ஆபரேஷன் தியேட்டர்களுக்கு எல்லாம் வழிகாட்டின பரம்பரை, பல் டாக்டர் பரம்பரை. அவங்களைக் குறை சொல்ல நான் வரல. நான் பேச வந்தது பல்லை எடுத்ததுக்கு அப்புறம். ஊசியோட மரமரப்பு விட்டுப் போய், ராத்திரி பத்து மணிக்கு மேல, கன்னத்துல கையை வச்சுக்கிட்டு ஒரு ஆள் சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார் பாருங்க, அந்த ஆளைப் பத்தி. அன்னைக்குத் தொடங்கி மூணு நாளைப் பத்தி.

பல் போனால் சொல் போச்சுன்னு பழமொழி. நடுவர் அவர்களே, நான் சொல்றேன், பல் போனாத்தான் சொல்லே வேணும். (கைதட்டல்)

என் மதினிக்கு ஞானப்பல் குறுக்கே முளைச்சிருந்தது. ஞானம் நேரா வந்தாலே வீட்டுல தாங்க முடியாது. குறுக்கே வந்தா? (சிரிப்பு) எடுத்துத்தான் ஆகணும்னுட்டாங்க. எந்த ஊரு, எந்த டாக்டர்ங்கறது வேண்டாம். கைராசிக்காரர், அதுல சந்தேகமே இல்லை. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை ரெண்டாப் பிளந்து எடுத்து, தையலும் போட்டு, அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சுட்டார். முடிச்சவர் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். “அடுத்த ஆள்”னார். அவ்வளவுதான்.

மதினிக்குக் கேட்கறதுக்கு ஆயிரம் கேள்வி இருக்கு. எப்ப துப்பலாம்? எப்ப சாப்பிடலாம்? இந்த ரத்தம் நிக்குமா நிக்காதா? ஆனா வாயில பஞ்சு. பேச வேண்டியவர் வாய் சும்மா இருக்கு, அவர் பேசல. கேட்க வேண்டியவர் வாய் அடைச்சிருக்கு, அவரால கேட்க முடியல. நடுவர் அவர்களே, உலகத்துலயே நோயாளி எதிர்த்துப் பேச முடியாத ஒரே வைத்தியம் இதுதான். (சிரிப்பு, கைதட்டல்)

வீட்டுக்கு வந்தாச்சு. சீட்டுல எழுதின மாத்திரை போட்டாங்க. வலி குறைஞ்சுது. இல்லைன்னு சொல்லல. ஆனா மறுநாள் காலையில கண்ணாடியைப் பார்த்தா கன்னம் பூரி மாதிரி உப்பி இருக்கு. “உள்ளே எதையாவது விட்டுட்டாங்களா? நரம்புல பட்டிருச்சா? வாய் கோணிக்குமா?” வலி போற மாத்திரையில பயம் போகல. பயம் இருக்கிற உடம்புக்கு வலி திரும்பி வர்றதுக்கு வழி தெரியும்.

அடுத்த தெருவுல ஒரு ஹோமியோபதி டாக்டர். சின்னத்தம்பி பேரனுக்குச் சளி, எதிர்வீட்டு ஆச்சிக்கு மூட்டுவலின்னு எல்லாரும் போற இடம். மதினியையும் கூட்டிட்டுப் போனாங்க. அவர் முதல்ல சொன்னது ஒரே வார்த்தை. “சொல்லுங்கம்மா.” அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் நாற்பது நிமிஷம் மதினி பேசினாங்க, அவர் எழுதினார். எந்தப் பக்கம் படுத்தா வலிக்குது, குளிர்ந்த தண்ணி இதமா இருக்கா, வெந்நீர் இதமா இருக்கா, கோவம் வந்தா வெளியே கொட்டுவீங்களா உள்ளேயே வச்சுக்குவீங்களா. எங்க அண்ணன் வெளியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தார். “இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே”ங்கறார். (சிரிப்பு)

அப்புறம் மருந்து. அடிபட்டு நசுங்கின சதைக்கு ஆர்னிகா. நரம்புக்குக் கிட்டக்க கத்தி போனதுக்கு ஹைபெரிக்கம். கத்தியால கீறின காயத்துக்கு ஸ்டாஃபிசாக்ரியா. வாய் கொப்புளிக்க, தண்ணியில காலண்டுலா சொட்டு. எல்லாத்துக்கும் ஏன் எதுக்குன்னு விளக்கம். கையால தொடாதீங்க, மூடியில எடுத்து நாக்கடியில போடுங்க, காபி வேண்டாம், பச்சை வெங்காயம் வேண்டாம். கடைசியா சொன்னார், “பல் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க. நாளைக்கும் இந்த வீக்கம் இருக்கும், பயந்துடாதீங்க. அப்புறம் வடியத் தொடங்கும்.”

அன்னைக்கு ராத்திரி மதினி தூங்கினாங்க. அவர் சொன்ன மாதிரியே வீக்கம் வடிஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல யாராவது படிக்கட்டுல இடறினாக்கூட, “ஆர்னிகா எங்கேடா?”

நடுவர்: அப்ப நீங்க மருந்து அணிக்குத்தானய்யா பேசுறீங்க?

இருங்க நடுவர் அவர்களே. அந்த மருந்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் என்னை அணி மாத்துங்க.

இந்த வைத்தியத்தைக் கண்டவர் சாமுவேல் ஹானிமன். ஜெர்மனியில், பீங்கானுக்குப் பேர்போன மைசன் நகரத்தில் 1755இல் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், ஆனாலும் கொஞ்ச காலம் மொழிபெயர்ப்பு செய்துதான் பிழைத்தார். நம்ம இனம்! (சிரிப்பு) 1790இல் ஒரு மருந்து நூலை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சின்கோனாப் பட்டையைத் தானே தின்று பார்த்தார். காய்ச்சல் வந்தது போல இருந்தது. எது நோயை உண்டாக்குமோ அதுவே அந்த நோயைத் தீர்க்கும் என்று அங்கேதான் பிடித்தார். 1810இல் ‘ஆர்கனான்’ என்ற நூலை எழுதினார். அந்தக் காலத்து வைத்தியம் என்ன தெரியுமா? நரம்பைக் கீறி ரத்தத்தை வடிய விடறது, பாதரசம் கொடுக்கறது. அந்த வைத்தியத்தில் பிழைத்தவனுக்கு ஆயுசு கெட்டி. ஹானிமன் அதையெல்லாம் நிறுத்தினார். நிறுத்தினதே பாதி வைத்தியம்.

அவர் மருந்தைக் கரைக்கிற கணக்கைக் கேளுங்க. ஒரு பங்கு சாற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரோ சாராயமோ விட்டுக் குலுக்கணும். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் தொண்ணூற்றொன்பது. இப்படி முப்பது தடவை செஞ்சா அதுக்குப் பேர் முப்பது வீரியம். ஒண்ணு போட்டு அறுபது சைபர் போடுங்க, அத்தனையில ஒரு பங்கு. பன்னிரண்டு தடவை தாண்டினாலே, முதல்ல போட்ட ஆர்னிகாவுல ஒரு அணு மிஞ்சறதுக்கு வாய்ப்பில்லைன்னு வேதியியல் சொல்லுது. ஒரு சொட்டை முப்பது வீரியத்துக்கு ஒரே பாத்திரத்துல கரைக்கணும்னா வைகை அணை பத்தாது. அதுல முதல்ல தண்ணி இருக்கணுங்கறது வேற விஷயம். (சிரிப்பு) பூமி அளவுக்கு ஒரு பாத்திரம் செஞ்சாலும் பத்தாது. மதினிக்குக் கொடுத்தது இருநூறு வீரியம்!

சரி, கணக்கு கிடக்கட்டும், வேலை செய்யுதா இல்லையா? அதையும் பார்த்துட்டாங்க. நார்வே நாட்டுல பார்த்தாங்க. 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. இருபத்துநாலு பேர். எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் ஞானப்பல் எடுக்கணும். ஒரு பக்கம் எடுத்தப்போ ஹோமியோபதி மருந்து, இன்னொரு பக்கம் எடுத்தப்போ மருந்தே இல்லாத உருண்டை. எது எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. என்ன அழகான ஏற்பாடு பாருங்க! அதே ஆள், அதே வாய், அதே பல். ஆர்னிகா, ஹைபெரிக்கம், ஸ்டாஃபிசாக்ரியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முடிவு? வலியிலயும் பெரிசா வித்தியாசம் இல்லை, வீக்கத்திலயும் இல்லை. அதுக்கு முன்னாடியே 1984இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் ஆர்னிகாவைத் தனியா சோதிச்சு எழுதினாங்க. அதிலும் ஆர்னிகா தேறல. 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் எல்லா ஆய்வையும் கொட்டிச் சலிச்சுப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி கேட்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

எதிரணித் தலைவர் இப்பவே சிரிக்கிறார். “ஐயா எங்க வேலையைச் செஞ்சுட்டார்”னு நினைக்கிறார். இல்லீங்க ஐயா! நான் கேட்கிறேன், உருண்டைக்குள்ள மருந்து இல்லை. சரி. அப்ப அன்னைக்கு ராத்திரி எங்க மதினியைத் தூங்க வச்சது எது? (கைதட்டல்)

பாதிக்குக் காலம் காரணம். ஞானப்பல் எடுத்தா வீக்கம் ரெண்டாம் நாள், மூணாம் நாள் உச்சத்துக்குப் போகும். அப்புறம் தானே வடியும். யார் எதைக் கொடுத்தாலும் வடியும். நடுவர் காலத்துக்குன்னு தனியா ஒரு அணி போடல, அதனால அதை விட்டுடறேன். மீதிப் பாதி இருக்கே, அதை ஆராய்ச்சி பண்ணினவங்களும் பல் எடுத்த ஆட்களை வச்சேதான் பண்ணியிருக்காங்க. ஏன்னா பல் எடுத்தவன் வலி அசல் வலி, நடிப்பு இல்லை.

1978. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ. லெவைன், கார்டன், ஃபீல்ட்ஸ் என்று மூணு பேர். ஞானப்பல் எடுத்தவங்களுக்கு வலிமருந்துன்னு எதிர்பார்க்க வச்சு, வெறும் ஊசி போட்டாங்க. சில பேருக்கு வலி நல்லாக் குறைஞ்சுது. இதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்ச கதைதான், மனசு சமாதானம்னு சொல்லிட்டுப் போயிடலாம். அவங்க போகல. நலாக்சோன்னு ஒரு மருந்து உண்டு. அபின், மார்பின் வகையறா வேலை செய்யற இடத்தை அடைச்சிடும். அதைப் போட்டாங்க. வெறும் ஊசியில வலி குறைஞ்சவங்களுக்கு வலி திரும்பக் கூடிருச்சு! இதுக்கு என்ன அர்த்தம்? “மருந்து போட்டாச்சு, சரியாயிரும்”ங்கற சொல்லைக் கேட்டதும் அந்த உடம்பு தன்னோட சொந்த மார்பினைத் தானே சுரந்திருக்கு. எண்டார்பின்னு அதுக்குப் பேரு. அதே குழுவின் பிற்கால ஆய்வுகளில், நோயாளிக்குத் தெரியும்படி போட்ட வெறும் உப்புநீர் ஊசி, அவருக்குத் தெரியாம மறைவாச் செலுத்தின ஆறு முதல் எட்டு மில்லிகிராம் மார்பினுக்குச் சமமா நின்னுது. சொல்லு காத்துல போற சமாச்சாரமில்லை நடுவர் அவர்களே. அதுக்கு மில்லிகிராம் கணக்கு இருக்கு! (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணு, 1985. இதுவும் பல் எடுத்தவங்கதான். லான்செட் பத்திரிகையில் வந்தது. ரெண்டு கட்டமாச் செஞ்சாங்க. ஒரு கட்டத்துல டாக்டருக்கு, ‘இன்னைக்குக் கொடுக்கறதுல நிஜமான வலிமருந்தும் இருக்கலாம்’னு தெரியும். இன்னொரு கட்டத்துல, ‘அது இல்லவே இல்லை’ன்னு தெரியும். நோயாளிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ரெண்டு கட்டத்திலயும் வெறும் ஊசி வாங்கினவங்களை மட்டும் ஒப்பிட்டாங்க. நம்பிக்கையோட போட்ட டாக்டர்கிட்ட வாங்கினவங்களுக்கு வலி குறைஞ்சுது. நம்பிக்கை இல்லாம போட்ட டாக்டர்கிட்ட வாங்கினவங்களுக்கு வலி கூடிருச்சு. அவர் வாயால எதுவும் சொல்லல. முகம் சொல்லியிருக்கு. கை சொல்லியிருக்கு. அன்னைக்கு மதினிகிட்ட “அடுத்த ஆள்”னு சொன்னாரே, அதுவும் ஒரு மருந்துதான். வலியைக் கூட்டுற மருந்து.

இதுக்கு நான் நார்வேக்கும் அமெரிக்காவுக்கும் போயிருக்கவே வேண்டாம். திருக்குறளின் தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் ‘மருந்து’. தலைப்பு மருந்து, உள்ளே பாதிக்கு மேல் சாப்பாட்டு ஒழுங்கு! கடைசிக் குறளில் மருத்துவத்தை நாலு கூறாப் பிரிக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து பார்த்துக்கிற ஆள். நாலில் ஒண்ணுதான் மருந்து. எதிரணிக்கு வள்ளுவர் போட்ட மார்க்கு நூத்துக்கு இருபத்தஞ்சு. முப்பத்தஞ்சு எடுத்தாத்தானய்யா பாஸ்! (சிரிப்பு, கைதட்டல்)

ஹானிமனும் அதே ‘ஆர்கனான்’ நூலில் வைத்தியருக்கு ஒரு விதி வச்சிருக்கார். நோயாளி பேசும்போது குறுக்கிடாதே, அவர் சொல்லி முடிக்கட்டும்னு. அவர் கரைச்ச கரைசல்ல மருந்து கரைஞ்சு போச்சு. ஆனா இந்த விதி இருநூறு வருஷமாக் கரையல. ஜனங்க உருண்டைக்காகப் போறாங்கன்னு நினைக்காதீங்க. அந்த நாற்பது நிமிஷத்துக்காகப் போறாங்க.

பல் விஷயத்துல சொல்லு ஆறுதல் மட்டுமில்லை, நேரடியான வைத்தியமும்தான். பல் எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி நிக்குது பாருங்க, அதுதான் இயற்கை போட்ட கட்டு. அது பெயர்ந்து போச்சுன்னா எலும்பு தெரியும். ரெண்டாம் நாள்லேருந்து நாலாம் நாளுக்குள்ள காது வரைக்கும் இழுக்குற வலி வரும். அந்தக் கட்டியைக் காப்பாத்துற முதல் மருந்து எது? “பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிங்க. இன்னைக்குக் காறித் துப்பாதீங்க, கொப்புளிக்காதீங்க. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க. பீடி சிகரெட் தொடாதீங்க. உப்பு வெந்நீர் நாளையிலேருந்து.” எல்லாம் சொல்லு! தமிழில் ‘துப்பு’ என்றால் உணவு என்றும் வலிமை என்றும் பொருள் உண்டு. ‘துப்பாதே’ங்கற நாலெழுத்துச் சொல்லுக்குள்ள இருக்கிற வலிமை எந்த அட்டையிலயும் இல்லை. அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

ஆனா நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒரு இடத்தை நான் முழுசா எழுதிக் கொடுத்துடறேன். பட்டிமன்றம் ஜெயிக்கறதுக்காக ஒரு உயிரோட விளையாட முடியாது. பல் எடுத்த பிறகு வீக்கம் மூணு நாள் தாண்டியும் கூடிக்கிட்டே போகுதா, காய்ச்சல் அடிக்குதா, தாடைக்கு அடியில கழுத்துப் பக்கம் கல்லு மாதிரி இறுகுதா, எச்சில் முழுங்க முடியலையா, மூச்சு முட்டுதா? அங்கே ஆர்னிகா இல்லை, ஹைபெரிக்கம் இல்லை, என் சொல்லும் இல்லை. அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி. 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் கழுத்து வீக்கத்தை விவரித்து எழுதினார். இன்னைக்கும் அவர் பேர்லதான் அந்த நோய் இருக்கு. ஹானிமன் உயிரோட இருந்த காலம், அவர் பிறந்த அதே நாடு. ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முன்னாடி இது வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல செத்துப் போனாங்க. இன்னைக்கு ஊசி மருந்தும் கத்தியும் காப்பாத்துது. ரத்தம் நிக்காம வழிஞ்சாலும் அப்படித்தான், உருண்டையை எண்ணிக்கிட்டு உட்காரக் கூடாது. ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடறவங்க, சர்க்கரை உள்ளவங்க பல்லை எடுக்குறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடணும். இங்கேயும் ‘சொல்லிடணும்’தான், கவனிச்சுக்குங்க!

“அப்ப வைத்தியர் பொய் சொல்லலாமா? வெறும் உருண்டையை மருந்துன்னு கொடுக்கலாமா?” எதிரணியில ரெண்டாவதா பேசினவர் இதைக் கேட்டார். வேண்டாங்கய்யா. 2010இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. வயிற்றுக் கோளாறு உள்ள எண்பது பேர். அதில் பாதிப் பேருக்கு, “இதில் மருந்து எதுவும் இல்லை, ஆனாலும் இந்த மாதிரி உருண்டை உடம்பைத் தானே சரிபண்ணிக்கத் தூண்டும்”னு உள்ளதை உள்ளபடி சொல்லியே கொடுத்தாங்க. மூணு வாரத்துல, ஒண்ணும் கொடுக்காதவங்களைவிட இவங்களுக்கு நல்லாவே தேறிச்சு. உண்மையைச் சொன்னாலும் சொல்லு வேலை செய்யுது! அதனால பல் டாக்டர்கள் ஹோமியோபதி படிக்க வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். பஞ்சை வச்சதும் ஒரு நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து, “நாளைக்குக் கன்னம் வீங்கும், பயப்படாதீங்க, ராத்திரி எதுவானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க”ன்னு சொன்னாப் போதும்.

மணி அடிச்சுட்டீங்க. முடிச்சுக்கறேன். எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து தம்பி பேச வர்றார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி வச்சுட்டு உட்கார்ந்துக்கறேன். 1986இல் இங்கிலாந்தில் ஞானப்பல் எடுத்தவங்களுக்கு, வீக்கம் வடியணும்னு கன்னத்துல அல்ட்ராசவுண்ட் மெஷினை வச்சுத் தேய்ச்சுப் பார்த்தாங்க. ஒத்துப் பார்க்கறதுக்காகச் சில பேருக்கு மெஷினை அணைச்சு வச்சுட்டே தேய்ச்சாங்க. அணைச்ச மெஷின்லயும் வலி குறைஞ்சுது, வீக்கமும் வடிஞ்சுது, வாயும் நல்லாத் திறந்துச்சு. கரண்டும் இல்லை, மாத்திரையும் இல்லை. தம்பி, அங்கே வேலை செஞ்ச மருந்தோட பேர் என்ன? அதைச் சொல்லிட்டு மேற்கொண்டு பேசுங்க.